இல்லாத எட்டுக் குதிரை

பல் டாக்டர் அந்தத் தாளை மேசைமேல் வைத்த விதமே பெரியக்காவுக்குப் பிடிக்கவில்லை. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வருவதுபோல இரண்டு விரலால் பிடித்து வந்து வைத்தார். அது அவருடைய காரின் அளவுத்தாள். போன மாதம் இதே பட்டறையில், இதே மேசையில், பெரியக்கா தன் கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. இன்ஜின் பலத்தைக் கூட்டும் ரீமேப் வேலைக்கு முன்னால் நூற்று நாற்பத்திரண்டு குதிரைசக்தி. பின்னால் நூற்று எழுபத்தெட்டு. கூடியது முப்பத்தாறு.

“பேப்பர்ல நான்தாங்க ஜெயிச்சேன். ரோட்டுல என் சகலை ஜெயிச்சுட்டான்” என்றார் டாக்டர்.

டாக்டரும் அவருடைய சகலையும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். பிறகு ஒரே வருஷத்தில் ஒரே மாடல் டர்போ காரையும் எடுத்தார்கள். நிறம் மட்டும் வேறு. டாக்டர் தன் வண்டியை இங்கே கொடுத்தார். இன்ஷூரன்ஸ் வேலை பார்க்கும் சகலை அடுத்த தெருப் பட்டறையில் கொடுத்தார். சகலையின் தாளில் கூடியது முப்பத்தொன்றுதான்.

“மேம்பால ஏத்தத்துல மூணு தடவை பார்த்தாச்சு. மூணு தடவையும் கையைக் காட்டிட்டுப் போறான். எனக்குத்தானே அஞ்சு குதிரை ஜாஸ்தி? அதெல்லாம் எங்க போச்சு? புல்லு மேயப் போயிருக்கா?”

பெரியக்காவின் தம்பி லேப்டாப்போடு நின்றிருந்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியக்கா திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்த வழியே போயிற்று.

“பல்லுப் பிடுங்குற கைக்கு கியர் போடத் தெரியலையோ என்னவோ” என்றான் தம்பி, சமாளித்து.

“அதையும் செஞ்சு பார்த்துட்டோம் தம்பி. வண்டியை மாத்தி ஓட்டினோம். அவன் வண்டியில நான் இருந்தா நான் முன்னாடி.”

டாக்டர் நாகரிகமானவர், ‘தாள் பொய்’ என்று வாய்திறந்து சொல்லவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய மிச்சம் அது ஒன்றுதான்.

பெரியக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பட்டறை அப்பா வைத்தது. ரீமேப் என்ற சொல்லே ஊருக்குள் வராத காலத்தில், கார்களை ஏற்றி ஓட்டி அளக்கும் உருளை மெஷினை முதலில் இறக்கியவர் அவர். வண்டியின் மூளைப்பெட்டியில் இருக்கும் கணக்கை மாற்றி எழுதி, டர்போவை இன்னும் கொஞ்சம் காற்றைத் திணிக்கவைப்பது யாராலும் முடியும், எவ்வளவு கூடியது என்று நேர்மையாகச் சொல்வதுதான் தொழில் என்பார். வண்டி வந்ததும் அளக்க வேண்டும், வேலை முடிந்ததும் அளக்க வேண்டும், இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்துக் கீழே வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா இருந்தவரை அவர் போட்டார். அவருக்குப் பிறகு இரண்டு வருஷமாகப் பெரியக்கா போடுகிறாள். ‘அந்த வீட்டுத் தாளா? அப்ப சரி’ என்று மற்ற பட்டறைக்காரர்களே சொல்வார்கள். அந்த ‘அப்ப சரி’தான் அவர்கள் வீட்டுச் சொத்து.

அடுத்த தெருப் பட்டறைக்காரர் வேறு யாருமல்ல, நடுத்தங்கையின் கணவர், இந்த வீட்டு மாப்பிள்ளை. இங்கேதான் ஆறு வருஷம் வேலை பார்த்தார். வாசலில் ‘நாற்பது குதிரை உறுதி’ என்று பலகை வைக்கலாம் என்று அவர் சொன்ன அன்று பெரியக்கா, “வண்டியைப் பார்க்காமலே உறுதி சொல்றவன் வைத்தியனா, ஜோசியனா?” என்று கேட்டாள். வார்த்தை வளர்ந்தது. “உங்க வீட்டுக் கௌரவத்தை நீங்களே மெஷின்ல ஏத்தி ஓட்டிக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனவர், நான்கு வருஷமாக இந்தப் பட்டறைக்குள் கால் வைக்கவில்லை. அப்பாவின் சாவுக்கு வீட்டுக்கு வந்தார், இங்கே வரவில்லை.

பெரியக்கா தாளை நேராக்கி வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை ரெண்டு வண்டியும் இங்க வரட்டும், டாக்டர். ஒரே மெஷின்ல ஏத்தி அளப்போம். உங்க சகலையையும் கூட்டிட்டு வாங்க.”

“அவன் வருவான். ஜெயிக்கிற இடத்துக்கு அவனைக் கூப்பிடவே வேணாம்.”

டாக்டர் போனதும் அவளே போனை எடுத்தாள். தம்பி தடுத்தான். “மச்சானை எதுக்குக்கா கூப்பிடுறீங்க? வேலியில போற ஓணானை...”

“ஓணான் இல்லடா, வீட்டு மாப்பிள்ளை. நாம அளந்து நாமளே ஜெயிச்சோம்னு சொன்னா யார் நம்புவா? எதிராளி கண்ணு முன்னாடி அளந்தாத்தான் அது அளவு.”

போனில் மாப்பிள்ளையின் குரல் நிதானமாக இருந்தது. “பெரியக்கா, மெஷின் உங்களோடது. நீங்க வச்சதுதானே அங்க நம்பர்?”

“அப்படி நினைச்சா வந்து பக்கத்துல நின்னு பாருங்க மாப்பிள்ளை. வராம இருந்துட்டு அப்புறம் பேசக் கூடாது.”

“வர்றேன். காப்பியாவது கிடைக்குமா?”

“வீட்டு மாப்பிள்ளைக்குக் கிடைக்காமலா போகும்? சர்க்கரை நீங்களே போட்டுக்குங்க. நான் போட்டா கசக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் இரண்டு கார்களும் வந்துவிட்டன. டாக்டருடையது வெள்ளை, சகலையுடையது நீலம். சகலை புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். மாப்பிள்ளை உள்ளே நுழைந்ததும் நேர் எதிரே முன்சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்தைப் பார்த்து நின்றார். பட்டறைக்குள் யார் வந்தாலும் முதலில் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று பெரியக்கா தேர்ந்தெடுத்த இடம் அது. நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, “நின்னே பார்க்குறேன்” என்றார். பெரியக்காவும் உட்காரவில்லை.

“இன்ஷூரன்ஸ்காரர் வண்டி முதல்ல ஏறட்டும்” என்றாள். “விருந்தாளி.”

நீலக் காரை உருளைமேல் ஏற்றிப் பட்டைகளால் இழுத்துக் கட்டினார்கள். அக்கம்பக்கத்தாருக்குச் சத்தம் போகாமலிருக்க ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். புகை இழுக்கும் தகரக் குழாயைச் சைலன்சரில் மாட்டினார்கள். தம்பி வண்டிக்குள் உட்கார்ந்து மிதித்தான். டர்போ சீழ்க்கை அடித்தது, கட்டடம் அதிர்ந்தது, திரையில் கோடு மேலே ஏறி வளைந்து நின்றது. மூன்று ஓட்டம். நூற்று எழுபத்து மூன்று, நூற்று எழுபத்திரண்டு, மறுபடி நூற்று எழுபத்து மூன்று.

மாப்பிள்ளை தன் பையிலிருந்து சகலையின் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிலும் நூற்று எழுபத்து மூன்று.

“என் மெஷினும் பொய் சொல்லல போலிருக்கே” என்றார்.

“சொல்லலை” என்றாள் பெரியக்கா. சரியானதைச் சரி என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு என்றும் கூச்சம் இருந்ததில்லை.

அடுத்து வெள்ளைக் கார். அதை மாற்றி ஏற்றிக் கட்டுவதற்குள் அரை மணிக்கு மேல் ஆயிற்று. தகரக் குழாய் ஒருமுறை காய்ந்துவிட்டால் லேசில் ஆறாது, பட்டறைக்குள் வெக்கை ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

முதல் ஓட்டம் நூற்று எழுபத்திரண்டு.

சகலை சிரித்தார். “ஒத்த குதிரையில போச்சே சகலை!”

“இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. இப்பவே பல்லைக் காட்டாத, சொத்தை தெரியுது.”

இரண்டாவது ஓட்டம் நூற்று எழுபத்தைந்து. டாக்டர் கைதட்டினார். மூன்றாவதில் கோடு இன்னும் மேலே போய் நூற்று எழுபத்தேழில் நின்றது. டாக்டர் குதித்தே விட்டார். தம்பி வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்தான்.

“அக்கா! நூத்தி எழுபத்தேழு! நம்ம தாளுக்கு ஒண்ணுதான் குறைச்சல். வெயில் நேரத்துல ஒரு குதிரை அப்படி இப்படி இருக்கும். பிரிண்ட் எடுக்கவா?”

மாப்பிள்ளை மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முகம் இறுகிப்போயிருந்தது. “சரி. மெஷின் சொன்னா சரிதான்” என்றார்.

தாள் அச்சாகி வந்தது. தம்பி பேனாவை மூடி கழற்றி நீட்டினான். பெரியக்கா பேனாவை வாங்கினாள். தாளைப் பார்த்தாள். நூற்று எழுபத்திரண்டு, நூற்று எழுபத்தைந்து, நூற்று எழுபத்தேழு. கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா முனை ஒரு புள்ளி வைத்து அப்படியே நின்றுவிட்டது.

சூடேறின வண்டி சோர்ந்து போகும். டர்போ வண்டி இன்னும் சோர்ந்து போகும், சூடான காற்று அதற்குப் பழைய சோறு. ஓட்டத்துக்கு ஓட்டம் ஒன்றிரண்டு குதிரை இறங்கினால் அது இயற்கை. நீலக் கார்கூட ஏறவில்லை. இந்த வண்டி எதைத் தின்று ஏறுகிறது?

“தம்பி, இன்னொரு ஓட்டம் ஓட்டு.”

“எதுக்குக்கா? மூணுதானே வழக்கம்?”

“ஓட்டுன்னா ஓட்டு.”

ஓட்டினான். நூற்று எழுபத்தெட்டு.

“பாருங்க, தாள்ல இருக்கிற அதே நம்பர்!” என்று டாக்டர் கத்தினார்.

பெரியக்கா பேனாவை மூடினாள். டாக்டரின் கூச்சல் அவள் காதில் விழவில்லை. இந்த மெஷின் குதிரையை அப்படியே எண்ணிச் சொல்வதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அறைக் காற்று சூடாக இருந்தால் இன்ஜின் மூச்சு வாங்கும். அந்தக் குறையை ஈடுகட்ட, மெஷின் காற்றின் சூட்டைப் பார்த்துத் தானாகக் கொஞ்சம் கூட்டிப் போடும். சூட்டைச் சொல்வது தீப்பெட்டி அளவுள்ள ஒரு சின்னப் பெட்டி. அவள் திரையில் அந்த மூலைக்குப் போய்ப் பார்த்தாள். காற்றின் சூடு: ஐம்பத்தைந்து.

ஐம்பத்தைந்தா? வெக்கைதான். ஆனால் ஐம்பத்தைந்தில் மனிதர்கள் இப்படிக் கேலி பேசிக்கொண்டு நிற்க முடியாது, சுருண்டு விழுந்திருப்பார்கள். வாசல் பக்கம் கிடந்த பழைய கண்ணாடி வெப்பமானியை எடுத்துக் காரின் மூக்கருகே பிடித்தாள். முப்பத்தொன்று.

சூட்டுப்பெட்டி பின்பக்கத் தூணில் இருந்தது. அதனிடம் நடந்தாள். தூணை நெருங்க நெருங்கப் பிடரியில் யாரோ அடுப்பைத் திறந்து வைத்ததுபோல இருந்தது. தகரக் குழாய் அந்தத் தூணை உரசிக்கொண்டுதான் கூரைக்குப் போகிறது. குழாயின் இணைப்பிலிருந்து கசிந்த அனல் நேராகப் பெட்டியின் முகத்தில் வீசிக்கொண்டிருந்தது.

பெட்டியை இங்கே யார் மாட்டியது?

கேள்வி முழுசாக எழுவதற்குள் பதில் வந்துவிட்டது. அவள் மெல்லத் திரும்பி முன்சுவரைப் பார்த்தாள். அங்கே சுவரில் ஒரே ஆணிதான். நல்ல, உறுதியான ஆணி. அதில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா இறந்த மாதம் அவள் சொன்னது அவள் காதிலேயே கேட்டது. ‘அந்தப் பெட்டியைக் கழட்டிப் பின்னாடி எங்கயாவது மாட்டுடா தம்பி. அந்த ஆணி அப்பாவுக்கு.’

வண்டி வந்ததும் காலையில் அளக்கிறார்கள். குழாய் குளிர்ந்திருக்கும், நம்பர் நேராக இருக்கும். பிறகு தம்பி நாள் முழுக்க வண்டியை உருளைமேலேயே ஓட்டி ஓட்டிக் கணக்கை எழுதுகிறான். மாலையில் அளக்கும்போது குழாய் கொதிக்கிறது. இல்லாத சூட்டுக்காக மெஷின் இல்லாத குதிரைகளைக் கூட்டிப் போடுகிறது. இரண்டு வருஷம். ஒவ்வொரு தாளிலும் அவள் கையெழுத்து.

தம்பி பின்னாலேயே வந்து நின்றான். அவள் பார்த்த திசையைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அவனும் தொழில்காரன், புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, இப்ப வேணாம். இவங்க போகட்டும். நாளைக்குக் காதும் காதும் வச்ச மாதிரி மாத்திடுறேன். மச்சான் முன்னாடி வேணாம்க்கா. ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்.”

“அப்பா பேருக்கா...”

“அவர் பேரைச் சொல்லித்தான்டா இத்தனை நாள் பொய்த் தாள் கொடுத்திருக்கோம். தெரியாம கொடுத்தது வரைக்கும் தப்பு. தெரிஞ்சு ஒண்ணு கொடுத்தா அது திருட்டு. ஸ்டூலை எடு.”

அவன் அசையவில்லை. அவளே போய் இழுத்து வந்தாள். இரும்பு ஸ்டூல் தரையைக் கீறிக்கொண்டு வந்த சத்தத்தில் சகலைகள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்சுவரின் அடியில் போட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். ஸ்டூலின் ஒரு கால் ஆடியது. யாரோ கீழே குனிந்து அதைப் பிடித்தார்கள். மாப்பிள்ளை.

“என்ன பெரியக்கா பண்றீங்க?”

“நீங்க இங்க இருந்தப்போ இந்த ஆணியில என்ன தொங்கிச்சு மாப்பிள்ளை?”

அவர் அண்ணாந்து பார்த்தார். யோசித்தார். பின்பக்கத் தூணைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, அவர் இத்தனை வருஷம் காத்திருந்த நாள் வந்தும், குத்திக்காட்டாமல் இரண்டு கைகளையும் மேலே நீட்டினார்.

“மாமாவைக் கொடுங்க. நான் வாங்கிக்கிறேன்.”

படம் கனமாக இருந்தது. அவர் அதை வாங்கிச் சட்டையாலேயே கண்ணாடியைத் துடைத்து, யார் காலும் படாதபடி நாற்காலியில் சாய்த்து வைத்தார். தம்பி இப்போதுதான் அசைந்தான். தூணிலிருந்து பெட்டியைக் கழற்றி, வயரை இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். பெரியக்கா அதை ஆணியில் மாட்டி, இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

டாக்டரிடம் நேராகப் போனாள்.

“டாக்டர், என் தாள் தப்பு. உங்க வண்டியில தப்பில்ல, உங்க கையிலயும் தப்பில்ல. மெஷினுக்கு நாங்க சூட்டைத் தப்பா சொல்லியிருக்கோம். இப்ப சரியா அளக்கப் போறேன். கொஞ்சம் இருங்க.”

ஷட்டரை முழுசாகத் திறக்கச் சொன்னாள். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தால் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். ஒரு மணி நேரம் இரண்டு வண்டிகளையும் ஆறவிட்டார்கள். காப்பி வந்தது. மாப்பிள்ளை தன் டம்ளரில் தானே சர்க்கரை போட்டுக்கொண்டார்.

பிறகு மாற்றி மாற்றி ஏற்றினார்கள். வெள்ளை, நீலம், மறுபடி வெள்ளை, மறுபடி நீலம். கட்டுவதும் அவிழ்ப்பதுமாகத் தம்பியின் முதுகு ஒடிந்தது. கடைசி இரண்டு தடவை மாப்பிள்ளை சட்டைக் கையை மடக்கிக்கொண்டு பட்டையின் மறுமுனையைப் பிடித்தார்.

நீலம்: நூற்று எழுபத்து மூன்று, நூற்று எழுபத்து மூன்று. வெள்ளை: நூற்று எழுபது, நூற்று அறுபத்தொன்பது.

பெரியக்கா டாக்டரின் பழைய தாளை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். புதுத் தாளில் எழுதினாள்: கூடியது இருபத்தெட்டு. எட்டுக் குதிரை இந்தப் பட்டறையின் பிழை. கீழே கையெழுத்து. எப்போதும் போடுவதைவிடப் பெரிதாகவே போட்டாள்.

இன்னொரு தாளில் நீலக் காரின் அளவை எழுதி, கையெழுத்திட்டு மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

“முப்பத்தொண்ணு. உங்க வேலை எங்க வேலையைவிட மூணு குதிரை மேல. வேணும்னா வாசல்ல ஒட்டிக்குங்க.”

மாப்பிள்ளை தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அளவை அல்ல, கையெழுத்தை.

“டாக்டர் தாளை அப்படியே விட்டிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்காது” என்றார்.

“எனக்குத் தெரியுமே.”

“ஒட்ட மாட்டேன் பெரியக்கா. வீட்டுல வைப்பேன். உங்க தங்கச்சி பார்க்கட்டும்.” தாளை மடித்துப் பையில் வைத்தபடி சேர்த்துக்கொண்டார். “நாலு வருஷமா அவ கேட்டுட்டே இருக்கா, ஆறு வருஷம் அங்க என்னதான் கத்துக்கிட்டீங்கன்னு.”

சகலை டாக்டரின் தோளில் தட்டினார். “விடு சகலை. மூணு குதிரைதானே?”

“விடுறதா? தம்பி, அந்த மூணையும் எப்பத் தருவீங்க?”

தம்பி வாயைத் திறப்பதற்குள் பெரியக்கா பதில் சொன்னாள். “இன்ஜின் தாங்கும்னா தருவான். தாங்காதுன்னா மூணு குறைச்சலாவே ஓட்டுங்க. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.”

எல்லாரும் போனபிறகு அவள் அலமாரியிலிருந்து தாள்களின் நகல் கோப்பை எடுத்தாள். படம் மாட்டிய தேதியிலிருந்து எண்ணினாள். அறுபத்து மூன்று வண்டிகள். முதல் பெயருக்குப் போன் போட்டாள். ஒரு பள்ளி வேன்காரர். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“ஏம்மா, நானா வந்து கேட்டேன்? வண்டி நல்லாத்தானே போகுது?” என்றார் வேன்காரர்.

“வண்டி நல்லாத்தான் போகும். தாள்தான் நல்லா இல்ல. செவ்வாய்க்கிழமை கொண்டு வாங்க.”

பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தாள். தம்பி நாற்காலியில் சாய்ந்திருந்த படத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறை முழுக்கச் சுற்றி வந்தான்.

“அப்பாவை எங்கக்கா மாட்டுறது? வேற ஆணியே இல்லையே. வீட்டுக்குக் கொண்டு போயிடவா?”

“எதுக்கு? அந்தப் பின்தூண்ல மாட்டு.”

“அங்க புகை அடிக்கும்க்கா. ரெண்டே மாசத்துல முகம் கறுத்துடும்.”

“வாரா வாரம் துடை. அவர் புகைக்குப் பயந்தவர் இல்ல” என்று சொல்லிவிட்டுப் பெரியக்கா இரண்டாவது எண்ணை அழுத்தத் தொடங்கினாள்.